பார்வையற்றோரும் கடைத்தெருவும்

மனிதன் தன் கைப்பணத்தைக் கொடுத்துத் தனக்கு வேண்டிய சாமானைத் தானே பொறுக்கி, தானே விலை கேட்டு, தானே வாங்கிக்கொண்டு வருவது ஒரு பெரிய உரிமை என்று யாரும் நினைப்பதில்லை. கண்ணுள்ளவர்களுக்கு அது தினசரி நடக்கும் காரியமாயிருப்பதால் அதன் அருமை தெரிவதில்லை. கண் தெரியாத ஒருவர் கடைக்குப் போனால் அங்கு என்ன நடக்கின்றது என்பதைச் சற்று நிதானமாய்க் கவனித்துப் பார்த்தால்தான் அது விளங்கும்.

கடைக்காரர் அவரிடம் பேசுவதில்லை. கூட வந்த பையனைப் பார்த்து, "இவருக்கு என்ன வேண்டுமாம்?" என்று கேட்கின்றார். பணம் கொடுப்பவர் ஒருவர். மதித்துப் பேசப்படுபவர் வேறொருவர். ஆள் துணையில்லாமல் தனியாக வந்துவிட்டாலோ, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததுதான் சாமான், அவர் சொன்னதுதான் விலை, திருப்பிக் கொடுத்ததுதான் சில்லறை. கடைக்காரர் யோக்கியராயிருந்தால் பிழைத்தார், இல்லாவிட்டால் போயிற்று. கடைக்காரர்களையெல்லாம் அயோக்கியர்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. பெரும்பாலோர் நல்லவர்களே. ஆனால் ஒரு மனிதனுடைய பணம் இன்னொரு மனிதனுடைய நல்ல குணத்தை நம்பித்தான் பத்திரமாயிருக்கின்றது என்றால், அதை அவனுடைய சொந்தப் பணம் என்று எப்படிச் சொல்வது என்றுதான் கேட்கின்றோம்.

இதற்கு நம் நாட்டில் சொல்லப்படும் சமாதானம் யாவரும் அறிந்ததே. "முன் ஜென்மத்தில் செய்த வினை, இந்த ஜென்மத்தில் அனுபவிக்கிறான்" என்பார்கள். வினை என்று சொல்லிவிட்டால் பிறகு மற்றவர்கள் செய்ய வேண்டியது எதுவுமில்லை அல்லவா? மனம் கேட்காதவர்கள் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் கண்ணற்றவருடைய தட்டில் ஒரு காசைப் போட்டு, அதற்குப் பதிலாகப் புண்ணியத்தைத் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு உள்ளே போகின்றார்கள். உள்ளே போய், கல்லினால் செய்த சாமிக்கு வெள்ளியினால் கண்மலர் சாத்துகின்றார்கள். வாசலில் இருப்பவருக்குக் கண் இல்லை. உள்ளே இருக்கும் கல்லுக்கோ எத்தனையோ ஜோடிக் கண்! வினைதான் காரணம் என்றால், உணவில் வைட்டமின் ஏ சத்துக் குறைந்த குழந்தைகளுக்குக் கண் கெடுவதும், புரை வளர்ந்த கண்ணை டாக்டர் அறுத்துச் சரி செய்தவுடன் பார்வை திரும்புவதும் எப்படி? டாக்டருடைய கத்தி முன் ஜென்மத்துக்குப் போய்விட்டா வந்தது?

நிற்க. வினையையும் புண்ணியத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டுக் காரியத்தைப் பார்ப்போம். ஒருவர் கடையில் தாமே சாமான் வாங்குவதற்கு வேண்டியவை நான்கே விஷயங்கள். சாமான் எங்கே இருக்கின்றது? கையில் எடுத்தது நாம் கேட்ட சாமான்தானா? அதன் எடை, விலை, காலாவதித் தேதி என்ன? கொடுத்த பணமும் வாங்கிய சில்லறையும் சரியா? இந்த நான்கும் வெறும் தகவல்களே. தகவல் கண் வழியாகத்தான் மனிதனுக்கு வரவேண்டும் என்று எந்த இயற்கை விதியும் இல்லை. காது வழியாகவும் வரலாம், விரல் நுனி வழியாகவும் வரலாம். அப்படி வராமல் இருக்கின்றதென்றால், குறை அவருடைய கண்ணில் மாத்திரம் இல்லை. சாமானைச் செய்தவன் மூளையிலும் இருக்கின்றது என்பதே நமது அபிப்பிராயம்.

உதாரணம் சொல்லுகின்றோம். பழைய தராசில் முள்ளைத் தொட்டுப் பார்த்தாவது, தட்டு சமமாய் நிற்கின்றதா என்று கையால் தடவியாவது ஒருவாறு அறிந்துகொள்ளலாம். இன்றைய மின் தராசு எண்ணைக் கண்ணாடியில் காட்டுகின்றது. கண்ணாடியைத் தடவினால் என்ன தெரியும்? அட்டை தேய்க்கும் கருவியில் பொத்தான்கள் இருந்தவரையில், நடுவிலுள்ள ஐந்தாம் எண்ணின் மேலிருக்கும் சிறு மேட்டைத் தடவிப் பார்த்து மற்ற எண்களைக் கண்டுபிடித்துக் கொள்ளலாம். பொத்தானே இல்லாத வழவழப்பான கண்ணாடித் திரை வந்த கடைகளில், தம்முடைய ரகசிய எண்ணைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கதி வந்திருக்கின்றது. பெட்டிச் சாவியை அன்னியர் கையில் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? விஞ்ஞானம் வளர வளரப் பார்வையற்றவருக்கு வசதி குறைகின்றதென்றால், அது விஞ்ஞானத்தின் குற்றமல்ல. செய்கின்றவர்கள் அவரை ஒரு வாடிக்கைக்காரராக நினைக்காததன் குற்றம்.

இனி நமது ரூபாய் நோட்டைப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டுக்கு முன்னிருந்த நூறு ரூபாய் நோட்டு 157 மில்லிமீட்டர் நீளம். ஐந்நூறு ரூபாய் நோட்டு 167 மில்லிமீட்டர். பத்து மில்லிமீட்டர் வித்தியாசத்தை விரல் கண்டுகொள்ளும். புதிதாக வந்த வரிசையில் நூறு ரூபாய் 142, இருநூறு ரூபாய் 146, ஐந்நூறு ரூபாய் 150. அகலமோ மூன்றுக்கும் ஒரே 66 மில்லிமீட்டர். இருநூறுக்கும் ஐந்நூறுக்கும் நடுவில் முந்நூறு ரூபாய் வித்தியாசம் இருக்கின்றது; விரலுக்கோ நான்கு மில்லிமீட்டர்தான். தடவி அறிவதற்கென்று நூறிலும் அதற்கு மேற்பட்ட நோட்டுகளிலும் மேடான அடையாளமும் ஓரத்தில் சாய்கோடுகளும் அச்சிட்டிருக்கின்றார்கள். நூறுக்கு நான்கு கோடு, இருநூறுக்கு நான்கு கோடும் நடுவே இரண்டு வட்டமும், ஐந்நூறுக்கு ஐந்து கோடு. செய்தது நல்ல காரியந்தான். ஆனால் நாலு சந்தைக்குப் போய்வந்து நைந்துபோன நோட்டில் அந்த மேடு விரலுக்கு எட்டுமா? பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளிலோ அந்த மேட்டு அடையாளமும் இல்லை. ஏழை மக்கள் கையில் அதிகம் புழங்குவது இந்தச் சிறு நோட்டுகளல்லவா? பதினேழு மொழிகளில் தன் மதிப்பை எழுதிக்கொள்ளத் தெரிந்த நோட்டுக்கு, விரலின் மொழி ஒன்று மாத்திரம் சரியாய் வரவில்லை.

நாணயத்தில் கொஞ்சம் புத்தி செலவழித்திருக்கின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2019 மார்ச்சு மாதத்தில் வெளியிடப்பட்ட புதிய நாணய வரிசையைப் பார்வையற்றவர்கள் தடவி அறியும்படியாகவே வகுத்தார்கள். அதில் இருபது ரூபாய் நாணயம் பன்னிரண்டு பக்கமுள்ளது. 2020 ஜனவரி முதல் தேதியன்று ரிசர்வ் வங்கி 'மணி' என்ற கைபேசிச் செயலியை வெளியிட்டது. நோட்டைக் கைபேசியின் முன் காட்டினால் இத்தனை ரூபாய் என்று அது வாயால் சொல்லும். இணையத் தொடர்பு வேண்டியதில்லை. ஆனால் கள்ள நோட்டா, நல்ல நோட்டா என்பதை அது சொல்லாது. அன்றியும், விரல் வைத்த மாத்திரத்தில் தெரிய வேண்டியதற்கு, நாலு பேர் காத்திருக்கும் கடையில் நின்றுகொண்டு ஒவ்வொரு நோட்டாகக் கைபேசிக்குக் காட்டச் சொல்லுவது அரைகுறை நியாயமே.

இது இப்படியிருக்க, விஞ்ஞானத்தினால் முடியாத காரியம் எதையோ நாம் கேட்பதாக யாரும் எண்ண வேண்டாம். நாம் வாங்கும் சோப்பு, பிஸ்கட்டு முதலிய பொட்டலங்களின் முதுகில் கறுப்பும் வெள்ளையுமாகச் சில கோடுகள் இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கலாம். அதுதான் பார்கோடு என்பது. அமெரிக்காவில் உட்லண்டு, சில்வர் என்ற இருவர் இதற்கு 1952-இல் காப்புரிமை பெற்றார்கள். தந்தி அடிக்கும் மோர்ஸ் புள்ளியையும் கோட்டையும் கடற்கரை மணலில் விரலால் நீட்டி இழுத்தபோது உட்லண்டுக்கு இந்த யோசனை வந்ததாம். 1974 ஜூன் 26-ஆம் தேதி ஒஹையோ மாகாணத்து ட்ராய் என்ற ஊரிலுள்ள கடை ஒன்றில் ஒரு பொட்டலம் சூயிங்கம் முதன்முதலாக இந்த முறையில் விற்பனையாயிற்று. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தக் கோடுகளைக் கடைக்காரருடைய இயந்திரம் எழுத்துப் படிக்காமலே அறிந்துகொள்கின்றது. அதாவது, பொட்டலத்தின் மேலிருக்கும் எழுத்தைக் கண்ணால் பார்க்காமலே அது இன்ன பொட்டலம் என்று தெரிந்துகொள்ளும் வழி ஐம்பது வருஷங்களுக்கு மேலாகக் கடையிலேயே இருக்கின்றது. அந்த வழி முதலாளியின் கல்லாவுக்குப் பயன்பட்ட வேகத்தில் வாங்குபவருடைய காதுக்குப் பயன்படவில்லை. அவ்வளவுதான் சங்கதி.

அதைக் காதுக்குக் கொண்டுவர முயன்றவர்களும் உண்டு. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கு நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரியா நரசிம்மன் என்ற அம்மையாரும் அவருடன் வேலை செய்தவர்களும், பார்கோட்டைப் படித்துச் சாமானின் பெயரைக் கைபேசி மூலம் சொல்லும் ஓர் ஏற்பாட்டைச் செய்து 2006-இல் வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'திரிநேத்ரா', அதாவது மூன்று கண். நமது புராணத்து மூன்றாவது கண் மன்மதனை எரித்ததாகத்தான் கேள்விப்பட்டிருக்கின்றோம். ஒருவருக்கும் ஒரு பொட்டலத்தைப் படித்துச் சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை.

யூட்டா மாகாணத்தில் நடந்த வேலை இதைவிட நமக்குப் பாடமாயிருக்கக்கூடியது. அங்குள்ள அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் குலியூகின் என்பவரும் அவர் கூட்டாளிகளும் முதலில் பார்வையற்றவரைக் கடைக்குள் அழைத்துச் செல்லும் ஒரு தள்ளுவண்டி இயந்திரத்தைச் செய்தார்கள். வண்டி முன்னே போகும். மனிதர் அதைப் பிடித்துக்கொண்டு பின்னே போவார். அதற்காகக் கடைக்குள்ளே தனி அடையாளங்களைப் பரப்பி வைக்க வேண்டியிருந்தது. பிறகு, பார்வையற்றவர்கள் கோலூன்றி ஊரெல்லாம் தாமே நடப்பவர்களாயிற்றே, அவர்களை ஏன் இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று யோசித்தார்கள். யோசித்து, முதுகுப் பையில் வைத்த சிறு கணிப்பொறி, எண் பலகை, பார்கோடு படிக்கும் கருவி இவற்றைக் கொண்டு வேறொரு ஏற்பாட்டைச் செய்து 2009-இல் அதன் விவரத்தை வெளியிட்டார்கள். "இந்தச் சந்தில் திரும்பு, இத்தனையாவது அலமாரி" என்று அது காதில் வழி சொல்லும். நடப்பவர் தாமே நடப்பார். அலமாரி விளிம்பிலுள்ள பார்கோட்டைத் தாமே படித்து, சாமானைத் தாமே எடுப்பார். கையைப் பிடித்து இழுத்துப் போவதற்கும், வழியைச் சொல்லிவிட்டு விலகி நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். முன்னது மனிதனைச் சுமையாக்குகின்றது. பின்னது அவனை மனிதனாகவே விட்டுவைக்கின்றது. உதவி என்று எது வந்தாலும் அது இந்த இரண்டில் எந்த ஜாதி என்று கேட்டுப் பார்ப்பதே சரியான பரீட்சையாகும்.

அதற்குப் பிறகு முதுகுப் பைக்கும் வேலையில்லாமல் போயிற்று. எல்லாம் ஒரு கைபேசிக்குள் வந்துவிட்டன. மைக்ரோசாப்டு கம்பெனியில் சாகிப் ஷேக் என்ற பார்வையற்ற பொறியாளர் முன்னின்று செய்த ஒரு செயலி 2017-இல் வந்தது. பொட்டலத்தைக் கையில் வைத்துத் திருப்பத் திருப்ப, பார்கோடு இருக்கும் பக்கம் நெருங்குவதை அது ஒலியால் காட்டிப் பின் பெயரைச் சொல்லும். டென்மார்க்கு தேசத்தில், பார்வை குன்றிய கைத்தொழிலாளியான வீபெர்க்கு என்பவரின் யோசனையில் 2015-இல் இன்னொன்று வந்தது. அதில் உலகத்தின் எங்கோ ஓரிடத்திலிருக்கும் கண்ணுள்ள தொண்டர் ஒருவர், கைபேசி வழியாகப் பார்த்து, "இது பால், தேதி நாளையோடு முடிகின்றது" என்று சொல்வார். இங்கிலாந்தில் 2020-இல் கெல்லாக்ஸ் கம்பெனியார், மூன்று மீட்டர் தூரத்திலிருந்தே கைபேசி கண்டுகொள்ளக்கூடிய வர்ணக் குறியைத் தங்கள் தானியப் பெட்டியில் அச்சிட்டுப் பார்த்து, 2022 முதல் ஐரோப்பாவில் மற்றப் பெட்டிகளுக்கும் பரவச் செய்தார்கள். பெட்டியில் எப்படியும் மை பூசத்தான் போகின்றார்கள். அந்த மையை இன்னொருவருக்கும் பயன்படும்படி பூசினார்கள். ஐரோப்பிய யூனியன் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மருந்துப் பெட்டியில் மருந்தின் பெயரைப் பிரெயில் புள்ளியிலும் பொறிக்கும்படி கட்டாயப்படுத்தியிருக்கின்றது.

அந்தப் புள்ளி எழுத்தைக் கண்டுபிடித்த லூயி பிரெயில் யார்? பிரான்சு தேசத்தில் 1809-இல் பிறந்த, குதிரைச் சேணம் தைக்கும் ஒரு தொழிலாளியின் பிள்ளை. மூன்று வயதில் தகப்பனாருடைய குத்தூசி கண்ணில் பட்டுப் பார்வை இழந்தவர். பதினைந்து வயதில் ஆறு புள்ளியில் எழுத்தையெல்லாம் அடக்கினார். கண்ணுள்ள மேதாவிகள் அதைச் சீக்கிரத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. 1852-இல் அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்தே பிரான்சில் அது அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. பிரெயிலும் ஷேக்கும் நமக்குக் காட்டுவது என்னவென்றால், பார்வையற்றவர்களுக்கு என்ன வேண்டும் என்பது பார்வையற்றவர்களுக்குத்தான் தெரியும் என்பதே. செருப்பு எங்கே கடிக்கின்றது என்று கால்காரனைக் கேட்காமல் சக்கிலியும் தைக்க முடியாது, சர்க்காரும் தைக்க முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் செய்ய வேண்டும். இக்காலத்தில் படத்தைப் பார்த்துத் தானாகவே விவரம் சொல்லும் இயந்திர அறிவு வந்திருக்கின்றது. உபயோகமானதுதான். ஆனால் அது தெரியாததையும் தெரிந்தது போலவே திடமாய்ச் சொல்லிவிடுவதுண்டு. மருந்திலும், ஒவ்வாமை உள்ளவர் வாங்கும் தின்பண்டத்திலும் அது ஒரு வார்த்தை தவறினால் உயிருக்கே ஆபத்து. சாஸ்திரம் சொல்லிற்று என்று நம்புவதும், இயந்திரம் சொல்லிற்று என்று நம்புவதும் பகுத்தறிவுக்கு ஒன்றே. ஆகையால், பொட்டலம் செய்தவனே உண்மை விவரத்தைப் பொட்டலத்தின் மேல் பொறித்து வைக்க வேண்டும்; இயந்திரம் அதைப் படித்துச் சொல்ல வேண்டுமே தவிர, ஊகித்துச் சொல்லும்படி விடக்கூடாது.

"இவர்களுக்கு வேண்டியதை வீட்டார் வாங்கிக் கொடுக்கின்றார்களே, இதற்கெல்லாம் என்ன அவசியம்?" என்று சிலர் கேட்கலாம். வீட்டார் வாங்கிக் கொடுப்பது அன்பு; அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு சட்டைத் துணி வாங்கவும், பெண்டாட்டிக்கு ஒரு பூச்சரம் வாங்கவும், யாருக்கும் சொல்லாமல் ஒரு மருந்து வாங்கவும் ஒருவர் இன்னொருவர் உத்தரவை எதிர்பார்த்து நிற்பதை அன்பு என்று சொல்ல முடியாது. "கைபேசியில் கேட்டால் வீட்டுக்கே வருகின்றதே" என்பார் வேறு சிலர். வரட்டும். ஆனால் பெயர் வைக்காத பொத்தானும், விவரம் எழுதாத படமுமாக இருக்கும் கைபேசிக் கடையும் அவருக்குக் கதவு சாத்திய கடையே. இன்னும் சிலர் செலவைப் பேசுவார்கள், இவர்கள் எத்தனை பேர் என்பார்கள். 2011-ஆம் ஆண்டு ஜனக்கணக்குப்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடுள்ளவர்கள் 50 லட்சத்திற்கு மேல். அவர்களோடு, பொடி எழுத்துத் தேதியைப் படிக்க முடியாத கிழவர் கிழவிகளையும், படிப்பே கிடைக்காமல் போன கிராமத்துத் தாய்மார்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேசும் பொட்டலம் இத்தனை பேருக்கும் பேசும். பணம் வந்தால் தொகையை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டி இன்று சிறு கடைகளில் இருக்கின்றதே, அதைப் பார்வையற்றவருக்காக மாத்திரமா வைத்தார்கள்? கடைக்காரருடைய வசதிக்காக வைத்தார்கள். பார்வையற்ற கடைக்காரருக்கும் வாடிக்கைக்காரருக்கும் அது தானாகவே உதவுகின்றது.

சட்டத்தில் இதற்கு இடமில்லையா என்றால், இருக்கின்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 43-ஆவது பிரிவு, எல்லோரும் பயன்படுத்தத்தக்க நுகர்பொருள்கள் செய்யப்படுவதை அரசாங்கம் ஊக்குவிக்க வேண்டும் என்கின்றது. உணவுப் பொட்டலங்களில் பார்வையற்றவர்களுக்காகக் கியூ.ஆர். குறி வைக்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 அக்டோபரில் சொல்லியிருக்கின்றது. ஆனால் அது சிபாரிசு. சிபாரிசு என்றால் செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி. 2024 நவம்பர் 8-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார், அணுகல் வசதிக்கான விதிகள் வெறும் சிபாரிசாயிருப்பது சட்டத்துக்கே விரோதம், கட்டாய விதிகள் செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி, இணையச் சேவைகளை அணுகுவது உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்ததே என்றும் சொன்னார்கள். கோர்ட்டு சொல்லியாயிற்று. கடைக்கு அது எப்போது வந்து சேரும் என்பதே கேள்வி.

ஆகவே நாம் வேண்டுவது இவைகளே. பொட்டலத்தில் பெயர், விலை, காலாவதித் தேதி, உட்பொருள் ஆகியவற்றைச் சொல்லும் குறி கட்டாயமாக வேண்டும். அது இருக்கும் இடம் விரலுக்குத் தெரிய வேண்டும். அது சொல்லும் மொழிகளில் தமிழும் இருக்க வேண்டும். மின் தராசு எடையை வாயால் சொல்ல வேண்டும். பணம் வாங்கும் கருவியில் தொட்டறியும் பொத்தான் வேண்டும். அடுத்த முறை நோட்டு அச்சிடும்போது சிறு நோட்டு முதற்கொண்டு விரலுக்குத் தெரியும்படி அச்சிட வேண்டும். இவைகளைத் தீர்மானிக்கும் கமிட்டிகளில் பார்வையற்றவர்கள் வெறும் பார்வையாளராயில்லாமல் ஓட்டுள்ள அங்கத்தினராயிருக்க வேண்டும்.

சர்க்கார் செய்யும்வரை காத்திருக்க வேண்டாத காரியங்களும் உண்டு. அவை நம் தோழர்களான கடைக்காரர்கள் கையிலேயே இருக்கின்றன. பார்வையற்ற ஒருவர் வந்தால் கூட வந்தவரிடம் பேசாமல் அவரிடமே பேசுங்கள். விலையையும் எடையையும் உரக்கச் சொல்லுங்கள். மீதிச் சில்லறையை ஒரே கொத்தாகத் திணிக்காமல், ஒவ்வொரு நோட்டாக இத்தனை ரூபாய் என்று சொல்லிக் கையில் கொடுங்கள். சாமான்களை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள். இரண்டு மூன்று தினுசு இருந்தால் நீங்களே ஒன்றைத் தீர்மானித்துப் பொட்டலம் கட்டிவிடாமல், எது வேண்டும் என்று கேளுங்கள். இதற்குக் காலணா செலவில்லை. இதனால் உங்களுக்கு மோட்சம் கிடைக்கும் என்று நாம் சொல்லப்போவதில்லை. உங்கள் கடைக்கு வந்தவர் தம் பணத்தைக் கொடுத்துத் தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்து வாங்கிக்கொண்டு போவார். மறுபடியும் உங்கள் கடைக்கே வருவார்.